ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு படுக்கையறை கோ-ஆப் வீடு: விளம்பரம் பார்ப்பதிலிருந்து சாவி வாங்குவது வரை

நியூயார்க்கின் குயின்ஸில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர் என்றாவது ஒருநாள் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்து நின்றிருப்பார்கள்: ஜாக்சன் ஹைட்ஸ், ஒரு படுக்கையறை, கோ-ஆப், மரத்தரை, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், ரயிலுக்கு ஐந்து நிமிட நடை. அதே அளவுள்ள காண்டோவைவிட, அதாவது வாங்குபவர் பெயருக்கே பத்திரம் வரும் ஃபிளாட்டைவிட, விலை நன்றாகவே குறைவாக இருக்கும். இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறதோ என்று சந்தேகம் வருவது இயல்பு.

வில்லங்கம் இல்லை. ஆனால் அந்த விலைக்கு அவர்கள் விற்பது வீட்டை அல்ல, ஒரு கம்பெனியின் பங்குகளை. இது மனதில் பதிந்துவிட்டால் எதைத் துருவிப் பார்க்க வேண்டும், எதைக் கண்டு மயங்கக் கூடாது என்பது தானாகவே புரிந்துவிடும். நானும் என் மனைவியும் இந்தப் பாதையில் இரண்டு முறை போனோம். முதல் முறை புதிதாக வெள்ளையடித்த சமையலறையைப் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினோம். இரண்டாம் முறை கட்டடத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கினோம். இந்த வழிகாட்டியும் அந்த இரண்டாம் முறை வரிசையில்தான் போகிறது.

உண்மையில் என்ன வாங்குகிறீர்கள்

சென்னையில் ஃபிளாட் வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பத்திரம் பதிவாகும். மனையில் பிரிக்கப்படாத பங்கு இத்தனை சதுர அடி என்று அதில் எழுதியிருக்கும். நியூயார்க்கின் காண்டோவும் ஏறக்குறைய அப்படித்தான். கோ-ஆப்பில் வீட்டுப் பத்திரம் என்று உங்களுக்குத் தனியாக எதுவும் கிடையாது. கட்டடம் முழுவதும் ஒரு கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். அந்தக் கார்ப்பரேஷனில் இத்தனை ஷேர் உங்களுக்கு என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்த ஷேர்களை வைத்திருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தமும் தருவார்கள். இதை இங்கே புரொப்ரைட்டரி லீஸ் என்பார்கள். ஆக, நீங்கள் ஒரே நேரத்தில் பங்குதாரர், குத்தகைதாரர் இரண்டும். மும்பையில் ஹவுசிங் சொசைட்டியில் இருந்தவர்களுக்கு இதில் பாதி பழகிய விஷயம்.

இதனால் சில நன்மைகள் உண்டு. காண்டோவுக்குக் கடன் வாங்கினால் அந்த அடமானத்தைப் பதிவு செய்ய வரி கட்ட வேண்டும். நியூயார்க் நகரில் வாங்குபவர் பங்கு, கடன் 5 லட்சம் டாலருக்குக் கீழ் என்றால் கடன் தொகையில் 1.8 சதவீதம், அதற்கு மேல் என்றால் 1.925 சதவீதம். கோ-ஆப் கடன் பங்குகளின் மேல் வாங்கும் கடன் என்பதால் இந்த வரி இல்லை. 3,20,000 டாலர் கடனுக்கு இதிலேயே 5,760 டாலர் மிச்சம்.

மறுபக்கமும் உண்டு. கம்பெனியின் கடன் உங்கள் கடன், கம்பெனியின் ஒழுகும் கூரை உங்கள் கூரை. உங்களைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று அக்கம்பக்கத்தினர் தேர்ந்தெடுத்த போர்டு முடிவு செய்யும். விற்கும்போதும் அதே போர்டு உங்களிடம் வாங்குபவரைச் சலித்துப் பார்க்கும். காண்டோவைவிட விலை குறைவாக இருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடுகள்தான் பெரிய காரணம்.

ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜாக்சன் ஹைட்ஸ் கோ-ஆப்புக்கே பிறந்த ஊர் என்று சொல்லலாம். 1909-இல் குயின்ஸ்பரோ பாலம் திறந்தது, 1917-இல் உயர்மட்ட ரயில் வந்தது. எட்வர்ட் மெக்டூகல் தலைமையிலான குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் இங்கிருந்த வயல்களை வாங்கி, நடுவில் பெரிய தோட்டமும் சுற்றிலும் வீடுகளுமாகக் கட்டடங்களை எழுப்பியது. லிண்டன் கோர்ட், ஷாட்டோ, டவர்ஸ் எல்லாம் அப்போது வந்தவை. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் சுவர்தான் தெரியும். உள்ளே போனால் ஒரு தெருவின் நீளத்துக்குத் தோட்டம் இருக்கும். அந்தக் காலத்தில் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இங்கே வீடு கிடையாது. யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அப்போது எதற்குப் பயன்பட்டது என்பதை மறக்காமல் இருப்பது நல்லது. 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு நிலைமை அடியோடு மாறியது. இன்று அதே தெருக்களில் வங்காளியும் ஸ்பானிஷும் நேபாளியும் திபெத்திய மொழியும் காதில் விழுகின்றன.

ரூஸ்வெல்ட் அவென்யூ, 74-ஆம் தெரு நிலையத்தில் 7, ஈ, எஃப், எம், ஆர் ஆகிய ஐந்து ரயில்கள் நிற்கும். மன்ஹாட்டனில் வேலை செய்பவருக்கு இதைவிட வசதியான இடம் குயின்ஸில் அதிகம் இல்லை. 7-ஆம் ரயிலில் கிழக்கே கடைசி நிறுத்தம் ஃப்ளஷிங். அங்கிருந்து பௌன் தெருப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விடலாம். 1977-இல் கும்பாபிஷேகம் நடந்த கோவில் அது. ஞாயிற்றுக்கிழமை தரிசனத்தை முடித்துவிட்டு அங்குள்ள கேன்டீனில் தோசை சாப்பிடப் போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. 74-ஆம் தெரு இந்தியக் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும்.

கலகலப்பான பேட்டை என்றால் சத்தமும் சேர்ந்தேதான் வரும். ரூஸ்வெல்ட் அவென்யூவில் ரயில் தலைக்கு மேலே ஓடும். அதிலிருந்து ஒரு தெரு தள்ளினால் சத்தம் குறையும், 35-ஆம் அவென்யூவுக்குப் போனால் ஊரே வேறு மாதிரி அமைதியாக இருக்கும். லகார்டியா விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. காற்றின் திசையைப் பொறுத்து விமானங்கள் தாழப் பறக்கும். 34-ஆம் அவென்யூவில் 2020-இலிருந்து 26 பிளாக் நீளத்துக்கு வண்டிகளை மட்டுப்படுத்திவிட்டு நடப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் விட்டிருக்கிறார்கள். குழந்தை உள்ளவர்கள் அந்த அவென்யூவுக்குப் பக்கத்தில் தேடலாம். அப்படியே 35-ஆம் அவென்யூவும் 81-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் தெருப்பலகையைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஸ்கிராபிள் மதிப்பெண் போட்டிருக்கும். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் இந்தப் பேட்டையில் குடியிருந்தவர்.

பிடித்த தெருவுக்கு மூன்று முறையாவது போங்கள். வேலைநாள் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு ஒருமுறை, மழை பெய்யும்போது ஒருமுறை.

கையில் எவ்வளவு வேண்டும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை இதே கணக்கில் பொருத்திக்கொள்ளுங்கள்.

விலை 4,00,000 டாலர். முன்பணம் 20 சதவீதம், அதாவது 80,000. மீதி 3,20,000 கடன். 30 வருடம், 6.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 2,023 டாலர் வரும். கட்டடத்துக்குக் கட்டும் மாத மெயின்டனன்ஸ் 900 என்று வையுங்கள். மொத்தம் 2,923.

வங்கி சரி என்று சொல்வது முதல் கதவு மட்டும்தான். போர்டு அதைவிடக் கண்டிப்பாகப் பார்க்கும். வீட்டுச் செலவும் மற்றக் கடன்களும் சேர்ந்து உங்கள் மொத்த வருமானத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பல கட்டடங்களின் எதிர்பார்ப்பு. 28 என்று எடுத்துக்கொண்டால், வேறு கடனே இல்லாத நிலையில்கூட ஆண்டு வருமானம் சுமார் 1,25,000 டாலர் வேண்டும். கார் கடனோ படிப்புக் கடனோ இருந்தால் அந்த அளவுக்கு மேலே போகும். வீடு தேடத் தொடங்குவதற்கு முன்பே கார் கடனை அடைத்துவிட முடிந்தால் அடைத்துவிடுங்கள்.

அடுத்தது நம்மில் பலர் சறுக்கும் இடம். முன்பணமும் செலவுகளும் போக, சாவி வாங்கிய மறுநாள் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று போர்டு பார்க்கும். ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடச் செலவுக்கான தொகை இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். நம் கணக்கில் ஒரு வருடத்துக்கு 35,000 டாலருக்குச் சற்று மேல், இரண்டு வருடத்துக்கு 70,000 டாலருக்குச் சற்று மேல். இது சேமிப்புக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டு, பங்குகள் மாதிரி சட்டென்று எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். 401(கே) ஓய்வுக்கால நிதியைச் சில போர்டுகள் பாதியாகக் கணக்கில் எடுக்கும், சில எடுக்கவே எடுக்காது. ஊரில் இருக்கும் மனையும் நகையும் இந்தக் கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, இருப்பதையெல்லாம் துடைத்து முன்பணமாகப் போட்டுக் கடனைக் குறைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அப்படிச் செய்தால் போர்டில் தோற்பீர்கள்.

வக்கீல் கட்டணம், வங்கியின் வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கட்டடத்தின் விண்ணப்பக் கட்டணம், குடிபோகும் நாளுக்கான டெபாசிட் என்று சில்லறைச் செலவுகளும் வரும். விலை 10 லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குபவர் தலையில் 1 சதவீத மேன்ஷன் வரி விழும். இங்கே ஒரு படுக்கையறை வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஊரிலிருந்து பணம் வருவதானால்

அப்பா அம்மா உதவுகிறார்கள் என்றால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். உங்கள் பெயரில் உள்ள என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு), ஆடிட்டர் சான்றிதழோடு, ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுவரலாம்.

அமெரிக்கப் பக்கத்தில், வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் படிவம் 3520-இல் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வரி இல்லை, ஆனால் தெரிவிக்காவிட்டால் அபராதம் பெரிது. திருப்பிக் கேட்கமாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதத்தை வங்கியும் போர்டும் கேட்கும். பணம் பல மாதங்களுக்கு முன்பே உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்திருப்பது நல்லது. போன வாரம் திடீரென்று வந்த பெரிய தொகை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள். அன்பளிப்புப் பணம் வேண்டாம் என்று சொல்லும் கட்டடங்களும் உண்டு. அதை ஏஜென்டிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீடு பார்க்கும் நாள்

விற்பவரின் ஏஜென்ட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் விற்பவரின் ஆள்தான். உங்களுக்கென்று ஏஜென்ட் வைத்துக்கொள்வதானால் அவர் கமிஷனை யார், எவ்வளவு தருவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீலைப் பிடித்த வீடு கிடைத்த பிறகு தேடக் கூடாது. கோ-ஆப் வேலையே அதிகம் பார்க்கும் நியூயார்க் வக்கீல் ஒருவரிடம் முன்பே பேசி வைத்திருங்கள். நண்பரின் ஒன்றுவிட்ட அண்ணன் நியூ ஜெர்சியில் வக்கீலாக இருக்கிறார் என்பது இதற்கு உதவாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்கும், பிற்காலத்தில் வந்தவற்றில் பல நேரம் இருக்காது. தினம் தாளித்துக் கொட்டும் வீட்டில் இது முக்கியமான விஷயம். படுக்கையறை தெருப்பக்கமா, தோட்டப்பக்கமா என்று பாருங்கள். ஜன்னலை மூடிவிட்டு ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் நில்லுங்கள். ஹீட்டர் குழாயின் அடியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா, குளியலறைக் கூரையில் புதுப் பெயின்ட் ஒரு திட்டில் மட்டும் பளிச்சென்று தெரிகிறதா என்று கவனியுங்கள். சமையல் எரிவாயு உண்மையிலேயே வருகிறதா என்று அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் ஒரு கட்டடத்தில் கசிவு கண்டு எரிவாயுவை நிறுத்திவிட்டால் திரும்ப வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை மின் அடுப்புதான்.

அப்புறம் நிலவறைக்குப் போங்கள். துணி துவைக்கும் மெஷின்கள் அங்கேதான் இருக்கும். வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைக்கப் பல கட்டடங்கள் அனுமதிப்பதில்லை. அந்த அறை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, சுவரில் என்ன அறிவிப்புகள் ஒட்டியிருக்கின்றன, எலிப்பொறி எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் கட்டடத்தை யார், எப்படி நடத்துகிறார்கள் என்று சொல்லிவிடும். கட்டடப் பராமரிப்பாளரை, இங்கே சூப்பர் என்பார்கள், பார்த்தால் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். கொதிகலன் எப்போது மாற்றினார்கள் என்று அவரிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

கட்டடத்தின் கணக்கு

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். எங்கள் முதல் முயற்சி இங்கேதான் நின்றது.

விலை ஒத்துப்போனதும் உங்கள் வக்கீல் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குவார்: தணிக்கை செய்த இரண்டு வருட நிதி அறிக்கை, கோ-ஆப் உருவானபோது தாக்கல் செய்த திட்ட ஆவணமும் அதன் திருத்தங்களும், போர்டு கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகம். மினிட்ஸை நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். வக்கீல் படித்துவிட்டுச் சுருக்கம் சொன்னால், "எந்தெந்தப் பழுது திரும்பத் திரும்ப வருகிறது?" என்று கேளுங்கள். நாங்கள் முதலில் விரும்பிய வீட்டின் கட்டடத்தில் ஒன்றரை வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் கூரையைப் பற்றிப் பேசியிருந்தார்கள். தொகை ஒதுக்கவே இல்லை. சேமிப்பு நிதியில் ஒரு கொதிகலன் வாங்கக்கூடப் பணம் இல்லை. யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த வெள்ளைச் சமையலறையை விட்டுவிட்டு வர என் மனைவிக்கு ஒரு வாரம் ஆனது.

நிதி அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கட்டடத்தின் மேல் இருக்கும் பொது அடமானக் கடன். உதாரணமாக, கட்டடத்தின் கடன் 38,40,000 டாலர், மொத்த ஷேர் 48,000 என்று வையுங்கள். ஒரு ஷேருக்கு 80 டாலர் கடன். உங்கள் வீட்டுக்கு 450 ஷேர் என்றால் உங்கள் தலையில் மறைமுகமாக 36,000 டாலர் கடன் இருக்கிறது. இரண்டு வீடுகளின் விலையை ஒப்பிடும்போது இந்தத் தொகையை விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். அந்தக் கடன் எந்த வருடம் முதிர்கிறது என்பதும் முக்கியம். வட்டி குறைவாக இருந்த காலத்தில் வாங்கிய கடனை அதிக வட்டியில் புதுப்பிக்க வேண்டி வந்தால் மெயின்டனன்ஸ் ஏறும்.

அடுத்து சேமிப்பு நிதி. பிறகு மெயின்டனன்ஸ் கடந்த ஐந்து வருடத்தில் எப்படி ஏறியது என்ற விவரம். வருடத்துக்குச் சில சதவீதம் ஏறினால் நிர்வாகம் விழித்திருக்கிறது என்று பொருள். பல வருடம் ஏறவே இல்லை என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தால் நான் பயப்படுவேன். ஏற்றாமல் விட்டதையெல்லாம் ஒருநாள் அசெஸ்மென்ட் என்ற பெயரில் மொத்தமாகக் கேட்பார்கள். இப்போது அசெஸ்மென்ட் ஓடுகிறதா, எப்போது முடிகிறது, மீதியைக் கட்டுவது விற்பவரா நீங்களா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நகரச் சட்டங்கள் வைக்கும் செலவும் உண்டு. ஆறு மாடிக்கு மேல் உள்ள கட்டடங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பரிசோதிக்க வேண்டும். ஜாக்சன் ஹைட்ஸில் ஆறு மாடியோடு நிற்கும் கட்டடங்கள் அதிகம், அவை இதிலிருந்து தப்பிவிடும். 2019-இல் வந்த உள்ளூர்ச் சட்டம் 97, 25,000 சதுர அடிக்கு மேலுள்ள பெரும்பாலான கட்டடங்களுக்குக் கரியமில வாயு வரம்பு வைக்கிறது. 2024-இல் முதல் வரம்பு வந்தது, 2030-இல் இறுகும். மீறினால் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். எண்ணெயில் ஓடும் பழைய கொதிகலன் இருந்தால் போர்டு இதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஜாக்சன் ஹைட்ஸின் ஒரு பெரும்பகுதி 1993-இலிருந்து வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதி. அதற்குள் இருந்தால் ஜன்னலை மாற்றக்கூட நகர ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

இன்னும் சில கேள்விகள். நிலம் கார்ப்பரேஷனுக்குச் சொந்தமா, குத்தகை நிலமா? குத்தகை நிலம் என்றால் நான் வேண்டாம் என்பேன். நிலவாடகையை மறுநிர்ணயம் செய்யும் வருடத்தில் மெயின்டனன்ஸ் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எத்தனை வீடுகளில் உரிமையாளர்களே குடியிருக்கிறார்கள்? பாதிக்கு மேல் இல்லையென்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் வீட்டை உள்வாடகைக்கு விடலாமா? இரண்டு வருடம் குடியிருந்த பிறகுதான், அதுவும் சில வருடங்களுக்கு மட்டும் என்று விதி வைத்திருப்பார்கள். சிலர் விடவே விடமாட்டார்கள். விசாவை நம்பி இருப்பவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். விற்கும்போது கார்ப்பரேஷனுக்கு ஃபிளிப் டாக்ஸ் கட்ட வேண்டுமா, எவ்வளவு? கடைசியாக ஒன்று, நம் வீடுகளுக்கே உரியது: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கினால் விருந்தினர் விதி என்ன சொல்கிறது? வக்கீலை ஒருமுறை குத்தகை ஒப்பந்தத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விலை பேசி ஒப்பந்தம் போடுவது

உங்கள் விலையை ஏற்றுக்கொண்டோம் என்று ஏஜென்ட் சொன்னதும் இனிப்பு வாங்கப் போகாதீர்கள். நியூயார்க்கில் இரு தரப்பும் எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை அதற்கு மதிப்பில்லை. அதற்குள் வேறொருவர் அதிகம் தருவதாகச் சொன்னால் விற்பவர் மாறலாம். நீங்களும் கணக்கைப் படித்துவிட்டு விலகலாம். கையெழுத்தின்போது பொதுவாக முன்பணத்தின் ஒரு பகுதியாக விலையில் 10 சதவீதம் கட்ட வேண்டும், விற்பவரின் வக்கீல் அதைத் தனிக் கணக்கில் வைத்திருப்பார். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். போர்டு மறுத்தால் பணம் திரும்பும் என்பது பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும், என்றாலும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளைக் கோ-ஆப்பை உருவாக்கிய நிறுவனமோ அதன் வாரிசோ இன்னும் வைத்திருந்து விற்கும். இவற்றை ஸ்பான்சர் வீடு என்பார்கள். இதற்குப் போர்டு அனுமதி வேண்டாம். அதற்கு ஈடாக விலை சற்று அதிகம் இருக்கும், வழக்கமாக விற்பவர் கட்டும் மாற்றல் வரியையும் உங்கள் தலையில் வைப்பார்கள். கையிருப்பு குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

போர்டு

வங்கி கடன் உறுதிக் கடிதம் தந்ததும் போர்டு விண்ணப்பத்தைத் தயாரிக்க வேண்டும். வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கை, வேலைச் சான்று, வீட்டுக்காரரின் கடிதம், நண்பர்கள், அலுவலகத்தார் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் என்று நூறு பக்கத்தைத் தாண்டும். இவ்வளவு அந்தரங்கத்தை அக்கம்பக்கத்தாரிடம் காட்டுவது நமக்குக் கூச்சமாக இருக்கும். நீங்கள் மெயின்டனன்ஸ் கட்டாமல் போனால் கட்டடத்தின் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிவரும், அதனால்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு எண்ணும் மற்ற எண்ணோடு பொருந்த வேண்டும். நிதிநிலைப் படிவத்தில் 62,400 என்று எழுதிவிட்டு வங்கி அறிக்கையில் 61,900 இருந்தால் அந்த 500 டாலரைப் பற்றித்தான் கேள்வி வரும். இந்தியக் கணக்குகளைக் காட்டுவதானால் அந்தத் தேதியின் டாலர் மதிப்பை எழுதி ஒரு விளக்கத் தாளையும் சேருங்கள். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுபவரிடம் "நல்லவர், வல்லவர்" என்று எழுதச் சொல்லாதீர்கள். வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவேன் என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எழுதினால் அதற்கு ஈடில்லை.

பிறகு நேர்காணல். அரை மணி நேரம் இருக்கும், இப்போது வீடியோ அழைப்பிலும் நடத்துகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளம் வாங்காத அண்டை வீட்டுக்காரர்கள், அலுவலகம் விட்டுக் களைப்போடு வந்திருப்பார்கள். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். உள்ளே போய்ச் சுவரை இடித்து மாற்றப் போவதாகவெல்லாம் அங்கே விவரிக்க வேண்டாம். கணவன், மனைவி இருவரும் பணக் கேள்விக்கு ஒரே பதில் சொல்ல வேண்டும், முதல் நாள் இரவு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒரு பெரியவர், "தோட்டத்தில் செடி வைப்பீர்களா?" என்று கேட்டார். என் மனைவி துளசியைப் பற்றியும் குளிர்காலத்தில் அதைக் காப்பாற்ற அவர் படும் பாட்டைப் பற்றியும் சொன்னார். மீதி நேரம் முழுக்கச் செடிப் பேச்சாகவே போய்விட்டது.

மறுத்தால் பொதுவாகக் காரணம் சொல்லமாட்டார்கள். 1979-இல் முன்னாள் அதிபர் நிக்சனுக்கே மன்ஹாட்டனில் ஒரு கோ-ஆப்பில் இடம் கிடைக்கவில்லை, அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஆனால் போர்டின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. இனம், நிறம், மதம், பிறந்த நாடு, குடியேற்ற நிலை, குழந்தைகள் இருப்பது ஆகியவற்றைக் காரணமாக வைத்து மறுப்பதை நியூயார்க் நகரின் மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. விசாவில் இருக்கிறீர்கள், அதனால் வேண்டாம் என்று யாராவது சொன்னால், யார், எந்தத் தேதியில், என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் பேசுங்கள். நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நம் ஆட்கள் பலர் எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

சாவி வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

ஒப்பந்தத்திலிருந்து சாவி வரை இரண்டு மூன்று மாதம் ஆவது வழக்கம். கடைசி நாளுக்கு முன்பு வீட்டை ஒருமுறை நடந்து பாருங்கள். எல்லாக் குழாயையும் திறங்கள், அடுப்பு, குளிர்பெட்டி, ஒவ்வொரு ஜன்னலையும் சோதியுங்கள். கையெழுத்துகள் முடிந்ததும் ஷேர் சான்றிதழின் அசலை வங்கி எடுத்துவைத்துக்கொள்ளும், நகல் உங்களுக்கு.

குடிபோன பிறகு இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, உங்கள் மெயின்டனன்ஸில் சொத்து வரிக்கும் பொதுக் கடனின் வட்டிக்கும் போன பங்கு எவ்வளவு என்று கார்ப்பரேஷன் வருடா வருடம் தரும் கடிதம். வரிக் கணக்கில் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிப்பவர்கள் இதையும் கழிக்கலாம். இன்னொன்று, அதுவே உங்கள் முதன்மைக் குடியிருப்பு என்றால் நகரம் தரும் கோ-ஆப் சொத்து வரித் தள்ளுபடி. கட்டடத்தைப் பொறுத்து அது 17.5 முதல் 28.1 சதவீதம் வரை. நிர்வாக அலுவலகம் உங்கள் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தள்ளுபடி வந்த அதே மாதம் அதே அளவுக்கு அசெஸ்மென்ட் போட்டு எடுத்துக்கொள்ளும் கட்டடங்களும் உண்டு, அது முறைகேடு அல்ல.

வீட்டு விதிகள் புத்தகத்தையும் முதல் வாரமே படித்துவிடுங்கள். தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும் என்பது பல கட்டடங்களில் உண்டு. காலை ஆறு மணிக்கு மிக்ஸி போடும் பழக்கம் இருந்தால் கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. நாங்கள் பால் காய்ச்சிய அன்று ஒரு டப்பா கேசரியோடு கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினோம். இரவுப் பணி செய்யும் நர்ஸ் ஒருவர் திறந்தார். காலை எட்டு மணிக்குத்தான் தூங்கப் போவேன் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி மாவு மாலையில்தான் அரைபடுகிறது.